உப்பு, சீனி, தண்ணீர்

 

லூமுட் என்றதும் பலருக்கும் பங்கோர் தீவுக்குப் படகேறும் துறைதான் நினைவுக்கு வரும். அந்தத் துறையை விட்டுச் சற்று உள்ளே வந்தால் சித்தியவான், ஆயர் தாவார் வட்டாரத்துத் தோட்டங்கள் தொடங்குகின்றன. பால் மரங்கள் நின்ற இடங்களில் இப்போது பெரும்பாலும் செம்பனை நிற்கிறது. லயங்கள் பல வெறிச்சோடிவிட்டன. குடும்பங்கள் தாமான் வீடுகளுக்குப் போய்விட்டன. ஆனால் வெயில் மட்டும் அப்படியே இருக்கிறது.

நம் நாட்டில் கோடைகாலம் என்று தனியாக ஒரு பருவம் இல்லை. என்றாலும் மழை ஒதுங்கி, வெயில் ஏறி நிற்கும் வாரங்கள் ஆண்டுதோறும் வருகின்றன. 1998 ஏப்ரலில் பெர்லிஸ் மாநிலத்துச் சுப்பிங்கில் வெப்பம் 40.1 பாகை செல்சியசைத் தொட்டது. அப்படிப்பட்ட நாட்களில் கிணறு வற்றும், ஓடை தேங்கும், ஈ மொய்க்கும், காலையில் ஆக்கிய குழம்பு மாலைக்குள் கெட்டுவிடும். பெரியவர்களுக்குத் தலை சுற்றும், காலில் குரக்குவலி பிடிக்கும். பிள்ளைகளுக்கு வயிறு போகும். இவற்றுள் குழந்தைகளின் உயிரை மிகுதியாகக் கொண்டுபோனது வயிற்றுப்போக்குத்தான். அந்தப் பிணியை மனிதர் எப்படி வென்றனர் என்ற வரலாற்றையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறேன். அதற்கு முன் என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்த காலத்தில் ஒரு விடுமுறைக்கு வீடு வந்திருந்தேன். சுகாதாரப் பாடம் நடத்துவதற்காக ஒரு பெரிய தாளில் படம் வரைந்துகொண்டிருந்தேன். ஒரு லிட்டர் தண்ணீர், அரைத் தேக்கரண்டி உப்பு, ஆறு தேக்கரண்டி சீனி. பக்கத்தில் ஒரு குழந்தை. என் பாட்டி வந்து பார்த்தார். அவருக்கு எழுத்து தெரியாது. "இது என்னாய்யா?" என்று கேட்டார். வயிற்றாலே போகிற பிள்ளைக்குக் கொடுக்கிற தண்ணீர் பாட்டி, இதைக் கொடுத்தால் பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்றேன். பாட்டி கொஞ்ச நேரம் அந்தப் படத்தையே பார்த்தார். "இவ்வளவுதானா?" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை, எழுந்து போய்விட்டார்.

அன்றிரவு என் அப்பாதான் விவரம் சொன்னார். அவருக்கு ஒரு தங்கை இருந்தாளாம். நாடு விடுதலை பெற்ற 1957-ஆம் ஆண்டு, அவளுக்கு இரண்டு வயது. வெயில் காலத்தில் வயிறு போக ஆரம்பித்தது. தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும், வயிற்றைக் காயப் போடு என்று லயத்துப் பெரியவர்கள் சொன்னார்கள். குழந்தை தண்ணீர்ப் பானையைக் கை காட்டிக் காட்டி அழுதது. பாட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூன்றாம் நாள் குழந்தை அழுவதையும் நிறுத்திவிட்டது.

"இவ்வளவுதானா?" என்ற அந்தக் கேள்வி என்னை விடவில்லை. இது ஏன் என் பாட்டிக்குத் தெரியாமல் போயிற்று? யாருக்காவது தெரிந்திருந்ததா? விடை தேடிப் பல நூல்களைப் புரட்டினேன். அங்கே கண்டதைத்தான் இப்போது சொல்கிறேன்.

முதலில் நம் முன்னோர் வந்த பாதையைப் பார்ப்போம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் வாட்டியது. பஞ்சத்தோடு வாந்திபேதியும் வந்தது. பசியால் மாண்டவர்களோடு பேதியால் மாண்டவர்களும் ஏராளம். அந்தப் பஞ்சத்துக்குப் பின்னும் ஊரில் பிழைக்க வழியில்லாதவர்கள் அலையலையாக மலாயாவுக்குக் கப்பலேறினார்கள். பிற்காலத்தில் ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் முகாம்கள் இருந்தன. கங்காணி திரட்டிய ஆட்களை அங்கே தங்கவைத்துக் கப்பலில் ஏற்றினார்கள். கப்பலில் ஒருவருக்குப் பேதி கண்டால் எல்லாருக்கும் ஆபத்து. ஆகவே பினாங்குக்கு அருகிலுள்ள ஜெரஜாக் தீவில் தொற்றுத் தடுப்பு முகாம் அமைத்து, வந்தவர்களை அங்கே நிறுத்திவைத்த பிறகே தோட்டங்களுக்கு அனுப்பினார்கள். 1938-இல் இந்திய அரசாங்கம் தொழிலாளர்களை அனுப்புவதை நிறுத்தும்வரை பல்லாயிரவர் அப்படி வந்து சேர்ந்தார்கள்.

நம் லூமுட் வட்டாரத்தின் நிலையும் தனியானது. 1874-ஆம் ஆண்டுப் பங்கோர் உடன்படிக்கைக்குப் பின் டிண்டிங்ஸ் என்ற பெயரில் இந்தப் பகுதி நீரிணைக் குடியேற்றங்களோடு சேர்க்கப்பட்டிருந்தது. 1935-இல்தான் மீண்டும் பேராவுக்கு வந்தது. கொடி எதுவாயினும் தோட்டத்து வாழ்க்கை ஒன்றுதான். காட்டை வெட்டிய இடத்தில் லயம். லயத்துக்குப் பக்கத்தில் கிணறு அல்லது ஓடை. குடிப்பதும் குளிப்பதும் துவைப்பதும் அங்கேதான். கழிப்பிடம் பல இடங்களில் பெயருக்குத்தான் இருந்தது. மழை பெய்தால் மேட்டிலிருந்த அசுத்தம் கிணற்றில் இறங்கும். வெயில் காய்ந்தால் இருக்கிற கொஞ்சத் தண்ணீரில் அழுக்கு செறியும். மலேரியாவைப் பற்றித் தோட்ட வரலாற்றில் நிறைய எழுதியிருக்கிறார்கள். அதன் நிழலிலேயே சீதபேதியும் வயிற்றுப்போக்கும் நம் மக்களை வாரிக்கொண்டு போயின.

தண்ணீர் கொடுக்காதே என்று சொன்ன லயத்துப் பெரியவர்கள் படிக்காதவர்கள், அதனால் அப்படிச் சொன்னார்கள் என்று நாம் நினைக்கலாம். வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. படித்த மருத்துவர்களும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

1831-இல் வாந்திபேதி முதன்முறையாக இங்கிலாந்துக்குள் நுழைந்தது. அந்நாட்டு மருத்துவர்கள் நோயாளியின் கையைக் கீறி இரத்தத்தை வடித்தார்கள். பாதரச மருந்து கொடுத்து மேலும் பேதியாக வைத்தார்கள். ஏற்கெனவே நீர் வற்றிய உடம்பிலிருந்து இன்னும் நீரை எடுத்தார்கள். அப்போது ஓஷானசி என்ற இளம் மருத்துவர், வயது இருபத்திரண்டு, நோயாளிகளின் இரத்தத்தை ஆராய்ந்தார். அதில் தண்ணீரும் உப்பும் பெருமளவு குறைந்திருப்பதைக் கண்டார். போனதைத் திருப்பிக் கொடுத்தால் நோயாளி பிழைக்கலாம் என்று எழுதினார். அடுத்த ஆண்டு, 1832-இல், ஸ்காட்லாந்தில் தாமஸ் லாட்டா என்ற மருத்துவர் அதைச் செய்தும் பார்த்தார். சாகும் தறுவாயில் இருந்தவர்களின் நரம்பில் உப்புநீரைச் செலுத்தினார். சிலர் எழுந்து உட்கார்ந்தார்கள். ஆனால் லாட்டா மறு ஆண்டே இறந்துபோனார். ஓஷானசி இந்தியாவுக்குப் போய், பின்னாளில் அங்கே தந்திக் கம்பி அமைப்பதில் பெயர் பெற்றார். அவர்கள் கண்டது ஏறத்தாழ மறக்கப்பட்டது. பல தலைமுறைகள் வீணாயின.

நோய் எப்படிப் பரவுகிறது என்பதும் அப்போது தெளிவாகவில்லை. கெட்ட காற்றால் வருகிறது என்றே பலரும் நம்பினார்கள். 1854-இல் லண்டனில் ஜான் ஸ்நோ என்ற மருத்துவர், இறந்தவர்களின் வீடுகளைக் கணக்கெடுத்து, அவர்களில் பெரும்பாலோர் ஒரே தெருக் குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள் என்று காட்டினார். அந்தக் குழாயின் கைப்பிடியைக் கழற்றிவிட்டார்கள். 1884-இல் ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் கோக் கல்கத்தாவில் ஆராய்ச்சி செய்து, வாந்திபேதியை உண்டாக்கும் கிருமியை உறுதிப்படுத்தினார். நோய் தண்ணீர் வழியே வருகிறது, கிருமியால் வருகிறது என்பது நிலைநாட்டப்பட்டது. ஆனால் நோய் கண்டவனைப் பிழைக்கவைப்பது எப்படி?

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாவில் லியோனார்ட் ராஜர்ஸ் என்ற மருத்துவர் நரம்பின் வழியே உப்புநீர் ஏற்றும் முறையைச் சீர்ப்படுத்தினார். அவரது மருத்துவமனையில் வாந்திபேதி மரணங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. பெரிய முன்னேற்றந்தான். ஆனால் அதற்கு மருத்துவமனை வேண்டும், சுத்தமான ஊசி வேண்டும், புட்டி புட்டியாகச் சுத்திகரித்த உப்புநீர் வேண்டும், கற்ற கை வேண்டும். தோட்டத்து டிரெசர் ஒருவர் கையில் இருந்த அலமாரியில் இவையெல்லாம் ஏது? நோய் லயத்தில் இருந்தது. மருந்து பட்டணத்தில் இருந்தது.

வாயால் குடிக்கக் கொடுத்தால் என்ன? அப்படியும் ஒருவர் நினைத்தார். 1953-இல் கல்கத்தாவைச் சேர்ந்த டாக்டர் ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி, கடுமையில்லாத வாந்திபேதி நோயாளிகளுக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்துக் குணப்படுத்தியதாக லண்டன் மருத்துவ இதழில் எழுதினார். உலகம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பேதி கண்ட குடல் புண்ணாகிவிடும், எதையும் உறிஞ்சாது, அதற்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்ற எண்ணமே மருத்துவ உலகில் வேரூன்றியிருந்தது. வயிற்றைக் காயப் போடு என்று எங்கள் லயத்துப் பெரியவர்கள் சொன்னதும் இதையேதான்.

இந்த எண்ணம் தவறு என்பதைச் சில ஆண்டுகளில் ஆராய்ச்சிகள் காட்டின. 1959-இல் கல்கத்தாவில் சம்புநாத் டே என்ற அறிஞர், காலராக் கிருமி வெளியிடும் ஒரு நஞ்சே குடலிலிருந்து நீரை இறைத்து வெளியேற்றுகிறது என்று நிரூபித்தார். அதையடுத்து, பேதியின்போதும் குடலின் உட்சுவர் அழிந்துபோவதில்லை என்பதும் தெரியவந்தது. மற்றோர் உண்மையும் அதே காலத்தில் வெளிவந்தது. குடலில் உப்பும் சர்க்கரையும் ஒன்றாகச் சேர்ந்தால் இரண்டும் ஒரே வாசல் வழியே உள்ளே போகும். அவற்றைப் பின்தொடர்ந்து தண்ணீரும் போகும். 1960-இல் ராபர்ட் கிரேன் என்ற அறிஞர் இதை விளக்கினார். பேதி கண்டபோதும் அந்த வாசல் மட்டும் அடைபடுவதில்லை.

தோட்டத்து முறையில் சொல்கிறேன். பால் வாளியைக் காண்டாக் கம்பில் தூக்கியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒரு பக்கம் மட்டும் வாளி மாட்டினால் கம்பு தோளில் நிற்காது. இரண்டு பக்கமும் சமமாக மாட்டினால் எத்தனை தூரமும் நடக்கலாம். குடலின் வாசலிலும் அப்படித்தான். ஒரு பக்கம் உப்பு, ஒரு பக்கம் சர்க்கரை. இரண்டும் அளவோடு இருந்தால் தண்ணீர் உடம்பில் ஏறுகிறது. வெறும் தண்ணீர் மட்டும் கொடுத்தால் போன உப்பு திரும்புவதில்லை. சர்க்கரை மட்டும் மிகுந்தால் பேதி இன்னும் கூடுகிறது.

1961-இல் இந்தோனேசியாவின் சுலாவேசித் தீவிலிருந்து புதிய வகைக் காலரா கிளம்பியது. அதே ஆண்டில் சரவாக்கை எட்டியது. பின் ஆசியா முழுவதும் பரவியது. அதை எதிர்கொள்ளும் முயற்சியில் டாக்காவிலிருந்த காலரா ஆராய்ச்சிக் கூடத்தில் டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் முதலிய மருத்துவர்கள் 1968-இல் ஒரு சோதனை செய்தார்கள். உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை, போகிற அளவுக்கு ஈடாகக் குடிக்கக் கொடுத்தால் நரம்பில் ஏற்ற வேண்டிய நீர் பெருமளவு குறைகிறது என்று காட்டினார்கள். அப்போதும் பலர் ஐயப்பட்டார்கள். மருத்துவமனையில் மருத்துவர் கண்காணித்துக் கொடுக்கலாம், படிக்காத மக்கள் கையில் இதைக் கொடுக்க முடியுமா என்று கேட்டார்கள்.

அந்தக் கேள்விக்கு 1971-இல் விடை கிடைத்தது. வங்காள தேசத்து விடுதலைப் போரின்போது ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் அகதிகளாக இந்தியாவுக்குள் வந்தார்கள். எல்லையருகே பொங்காவ் என்ற ஊர். அங்கிருந்த சிறு மருத்துவமனையில் காலரா நோயாளிகள் தரையெல்லாம் கிடந்தார்கள். நோயாளிக்கும் நோயாளிக்கும் இடையே கால் வைக்க இடமில்லை. கல்கத்தாவிலிருந்து வந்த டாக்டர் திலீப் மகலனாபிஸ், நரம்பில் ஏற்றும் உப்புநீர் தீர்ந்துபோவதைக் கண்டார். வேறு வழியில்லை. கல்கத்தாவில் தம் ஆராய்ச்சி நிலையத்தில் ஆட்களை உட்காரவைத்து, உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் மூன்றையும் அளந்து பிளாஸ்டிக் பைகளில் போட்டு ஒட்டச் செய்தார். அவற்றைப் பொங்காவுக்குக் கொண்டுபோய்க் குழாய் வைத்த பீப்பாய்களில் தண்ணீரோடு கலந்தார். குவளை குவளையாகக் கொடுத்தவர்கள் யார்? தாதியர் அல்லர். நோயாளிகளின் தாய்மார்கள், கணவன்மார்கள், அண்ணன் தம்பிகள். எழுதப் படிக்கத் தெரியாத அகதி மக்கள்.

எட்டு வாரங்களில் 3,700-க்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பார்த்தார்கள். முன்பு நூற்றுக்கு முப்பது பேர்வரை இறந்த இடத்தில், இப்போது நூற்றுக்கு நான்கு பேர்கூட இறக்கவில்லை. ஒரு லிட்டர் கரைசலுக்கு ஆன செலவு சில பைசாக்கள்தான்.

வானொலி நேயர்களே, இந்த இடத்தில் ஒரு செய்தியைக் குறிப்பாகச் சொல்ல விரும்புகிறேன். இந்தக் கரைசலைச் செய்யும் முறையைத் துண்டுத் தாள்களில் அச்சிட்டு எல்லையெங்கும் பரப்பினார்கள். அதோடு அந்நாளில் மறைவாக இயங்கிய வங்காள தேச வானொலி ஒன்றின் வழியாகவும் சொன்னார்கள். நாம் இன்று கேட்டுக்கொண்டிருப்பது போன்ற ஒரு பெட்டியிலிருந்து வந்த குரல், போர்க்களத்தின் நடுவே, உப்பையும் சர்க்கரையையும் அளக்கும் விதத்தைச் சொல்லிக் கொடுத்தது. மகலனாபிஸ் 2022-இல் காலமானார். மறு ஆண்டில் இந்திய அரசாங்கம் அவருக்குப் பத்ம விபூஷண் விருதை அறிவித்தது.

போர் முடிந்தபின் வங்காள தேசம் இன்னொரு பெரிய வேலையைச் செய்தது. பிராக் என்ற தொண்டு நிறுவனம் 1980 முதல் 1990 வரை ஊர் ஊராகப் பெண்களை அனுப்பியது. அவர்கள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளில் தாய்மாரோடு தரையில் உட்கார்ந்து, மூன்று விரலால் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரைச் சேர் தண்ணீர் என்று கலக்கக் கற்றுக்கொடுத்தார்கள். சில வாரங்கள் கழித்து வேறொருவர் போய், அந்தத் தாய் சரியாகக் கலக்கிறாளா என்று பார்ப்பார். தாய் நன்றாக நினைவு வைத்திருந்தால்தான் கற்றுக்கொடுத்தவருக்கு முழு ஊதியம். ஆசிரியராகிய எனக்கு இது மிகவும் பிடித்த செய்தி. பாடம் நடந்ததா என்று பார்க்காமல், பாடம் பதிந்ததா என்று பார்த்தார்கள்.

1978-இல் உலகச் சுகாதார நிறுவனம் இந்த முறையை உலகெங்கும் கொண்டுசெல்லத் திட்டம் வகுத்தது. அந்தக் காலத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ நாற்பத்தாறு லட்சம் பேர் வயிற்றுப்போக்கால் இறந்துகொண்டிருந்தார்கள் என்று கணக்கிட்டார்கள். இன்று அந்த எண்ணிக்கை ஐந்து லட்சத்துக்குக் கீழே வந்திருக்கிறது. சுத்தமான தண்ணீர், தடுப்பூசி, தாய்ப்பால், நல்ல உணவு ஆகியவற்றுக்கும் அதில் பங்குண்டு. உப்புச் சீனித் தண்ணீரின் பங்கு மிகப் பெரிது.

வரலாறு இதுவரை. இனி வீட்டில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பக்கத்தில் தாளும் பென்சிலும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைக்கு வயிறு போக ஆரம்பித்தவுடன் கொடுக்கத் தொடங்க வேண்டும். துவண்டு விழும்வரை காத்திருக்கக் கூடாது. அரசாங்கக் கிளினிக்கிலும் மருந்துக் கடையிலும் ஓ.ஆர்.எஸ். என்ற பொட்டலம் கிடைக்கிறது. அதுவே சிறந்தது. பொட்டலத்தின் மேல் எத்தனை மில்லிலிட்டர் நீர் என்று போட்டிருப்பதைப் பார்த்துக் கலக்குங்கள். சில பொட்டலங்கள் ஒரு குவளைக்கு, சில ஒரு லிட்டருக்கு. பொட்டலம் கையில் இல்லையென்றால், கொதிக்கவைத்து ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் தட்டையாக வழித்த ஆறு தேக்கரண்டி சீனியும், தட்டையாக வழித்த அரைத் தேக்கரண்டி உப்பும் போட்டுக் கரையுங்கள். கடையில் வாங்கும் பெரிய தண்ணீர்ப் புட்டி பெரும்பாலும் ஒன்றரை லிட்டர். அதை ஒரு லிட்டர் என்று எண்ணி ஏமாறக் கூடாது. கலந்ததும் நாவில் வைத்துப் பாருங்கள். கண்ணீரைவிட உப்பாக இருந்தால் கொட்டிவிட்டு வேறு கலக்குங்கள். உப்பு மிகுந்தால் குழந்தைக்கு ஆபத்து. ஒரு நாளைக்குமேல் வைத்துக்கொள்ளவும் கூடாது.

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை வயிறு போனபிறகும் கால் குவளை முதல் அரைக் குவளைவரை கொடுங்கள். அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கு அரைக் குவளை முதல் ஒரு குவளைவரை. பெரியவர்கள் வேண்டிய அளவு குடிக்கலாம். குழந்தை வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, மறுபடி கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. கஞ்சி, சோறு, வாழைப்பழம் என்று பிள்ளை சாப்பிடுவதைக் கொடுங்கள். வயிற்றைக் காயப் போடும் பழக்கத்தை அறவே விட்டுவிடுங்கள். புட்டியில் வரும் இனிப்புப் பானங்களில் சர்க்கரை மிகுதி, உப்பு குறைவு. அவை இதற்கு ஈடாகா. இளநீர் நல்லதுதான், ஆனால் அதிலும் வேண்டிய உப்பு இல்லை. பேதியை நிறுத்தும் மாத்திரைகளைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். துத்தநாகச் சத்து மருந்து பத்து முதல் பதினான்கு நாள்வரை கொடுத்தால் நோய் சீக்கிரம் தணியும், மறுபடி வருவதும் குறையும் என்று 2004 முதல் உலகச் சுகாதார நிறுவனம் கூறிவருகிறது. கிளினிக்கில் கேட்டுக் கொடுங்கள்.

எப்போது உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்? கண் குழி விழுந்தால். அழும்போது கண்ணீர் வராவிட்டால். பல மணி நேரம் சிறுநீர் போகாவிட்டால். வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகத் திரும்பினால். பிள்ளை துவண்டு, குடிக்கவும் முடியாமல் கிடந்தால். மலத்தில் இரத்தம் கண்டால். குடித்ததெல்லாம் வாந்தியானால். ஆறு மாதத்துக்குட்பட்ட பச்சைக் குழந்தையென்றால் காத்திருக்கவே வேண்டாம். போகும் வழியிலும் பிள்ளை குடிக்கும் நிலையில் இருந்தால் கரைசலைக் கொடுத்துக்கொண்டே போங்கள்.

வெயிலில் வேலை செய்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வியர்வையிலும் தண்ணீரோடு உப்புப் போகிறது. 1923-இல் இங்கிலாந்தில் சுரங்கத் தொழிலாளர்களுக்கு வந்த குரக்குவலி, வெறும் தண்ணீர் குடித்ததால் தீரவில்லை, சிறிது உப்புச் சேர்த்தபின் தீர்ந்தது என்று மாஸ் என்ற ஆராய்ச்சியாளர் எழுதினார். காலையில் கஞ்சியோ சாப்பாடோ சாப்பிட்டுப் போகிறவருக்கு உணவிலுள்ள உப்பே பெரும்பாலும் போதும். இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் தாமாக உப்பைக் கூட்டக் கூடாது. தாகம் எடுக்கும்வரை காத்திராமல் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடியுங்கள். தலை சுற்றினால் நிழலில் படுங்கள். ஒருவர் வெயிலில் மயங்கி, உடம்பு நெருப்பாய்க் கொதித்து, பேச்சுக் குழறினால் அது வெப்பத் தாக்கு. அவரை நிழலுக்குக் கொண்டுவந்து, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். 999 எண்ணுக்குக் கூப்பிடுங்கள். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

நோய் வராமல் தடுப்பது எல்லாவற்றிலும் மேல். குடிக்கும் தண்ணீரைக் கொதிக்கவைத்து மூடிவையுங்கள். கழிப்பிடம் போய் வந்தபின்னும், சமைக்கும் முன்னும், பிள்ளைக்கு ஊட்டும் முன்னும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். தோட்டத் தொழிலாளர் குடியிருப்புக்குக் குழாய்த் தண்ணீர் தர வேண்டும் என்பதை 1990-ஆம் ஆண்டுச் சட்டம் நிர்வாகத்தின் கடமையாக்கியது. ஆகவே நல்ல தண்ணீர் கேட்பது சலுகை கேட்பதாகாது, உரிமையைக் கேட்பதாகும்.

இனி என் பாட்டியிடம் திரும்புகிறேன். 1957-இல் அவருக்கு இது தெரியாமல் போனது அவர் குற்றமா? அன்று கல்கத்தா மருத்துவர் ஒருவர் எழுதியதை உலகத்துப் பெரிய மருத்துவர்களே பொருட்படுத்தவில்லை. ஆராய்ச்சிக்கூடங்களுக்கே விளங்காத ஒன்று லயத்துத் தாய்க்கு எப்படி விளங்கும்? இந்த வரலாற்றையெல்லாம் படித்தபின் ஒரு நாள் பாட்டியிடம் உட்கார்ந்து சொன்னேன். பாட்டி, அப்போது யாருக்குமே தெரியாது, டாக்டருக்கும் தெரியாது என்றேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. "நீ பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடு" என்றார்.

பாட்டி இப்போது இல்லை. ஒவ்வோர் ஆண்டும் வெயில் ஏறும் மாதத்தில் என் வகுப்பில் ஒரு லிட்டர் அளவுக் குவளையும், ஒரு தேக்கரண்டியும், உப்பும் சீனியும் கொண்டுபோய் வைக்கிறேன். ஒவ்வொரு பிள்ளையும் தன் கையால் அளந்து கலந்து காட்ட வேண்டும். வீட்டுக்குப் போய் அம்மாவிடம், பாட்டியிடம் செய்து காட்ட வேண்டும். அதுதான் வீட்டுப் பாடம்.

அன்று தெரியாமல் போயிற்று. இன்று நமக்குத் தெரியும். உப்பு நம் அடுப்படியில் இருக்கிறது, சீனி இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது. அளவும் இப்போது உங்கள் கையில் இருக்கிறது. தண்ணீருக்குக் கை நீட்டும் எந்தக் குழந்தையிடமிருந்தும் இனி நாம் முகத்தைத் திருப்ப வேண்டியதில்லை.